உப்போடு சேர்ந்து கால்சியமும் போகிறது

பினாங்கில், பிறை என்ற ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 67. போன வருடம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் எடுத்தோம். இடுப்பெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 2.6 என்று வந்தது. மைனஸ் 2.5ஐத் தொட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி இழந்து எளிதில் முறியும் நிலை என்பது மருத்துவக் கணக்கு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சாப்பாட்டுல உப்பு எப்படிம்மா, கூடவா?" என்று கேட்டார். அம்மா விழித்தார். "எனக்குத்தான் பிரஷரே இல்லையே, டாக்டர்!"

உப்பு என்றால் ரத்த அழுத்தம். அப்படித்தான் நம் எல்லோருக்கும் பதிந்திருக்கிறது. எலும்புக்கும் உப்புக்கும் என்ன உறவு என்று அன்றைக்கு எனக்கும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, உறவு எலும்பில் ஆரம்பிக்கவில்லை, சிறுநீரகத்தில் ஆரம்பிக்கிறது.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அவ்வளவும் வெளியே போனால் நாம் உயிரோடு இருக்க முடியாது. அதனால் வடித்ததில் ஏறக்குறைய முழுவதையும் நுண்குழாய்களின் வழியே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. கால்சியத்தில் 98 சதவீதத்துக்கு மேல் இப்படித் திரும்பிவிடுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்புவது குழாயின் முதல் பகுதியில். அங்கே கால்சியத்துக்கென்று தனி வாசல் கிடையாது. குழாயின் செல்கள் உப்பில் இருக்கும் சோடியத்தை உள்ளே இழுக்கின்றன, சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகிறது, தண்ணீரோடு கால்சியமும் செல்களின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடுகிறது.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கூட்டம் நெருக்கும்போது நாம் கால் எடுத்து வைக்கவே வேண்டாம், கூட்டமே நம்மை மேலே கொண்டுபோய்விடும். கூட்டத்தைக் கீழேயே நிறுத்திவிட்டால் நாமும் கீழேயே நிற்க வேண்டியதுதான். இங்கே சோடியம்தான் கூட்டம், கால்சியம் அதோடு நகரும் ஆள்.

உப்பை அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பில் சோடியம் மிஞ்சுகிறது. மிஞ்சியதை வெளியேற்ற வேண்டும் என்பதால் சிறுநீரகம் முதல் பகுதியிலேயே சோடியத்தை இழுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கூட்டம் நகரவில்லை, கால்சியமும் நகரவில்லை. குழாயின் பின்பகுதியில் கால்சியத்தைப் பிடித்து இழுக்கத் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் தவறவிட்டதை எல்லாம் அதனால் மீட்க முடிவதில்லை. மீதி சிறுநீரில் போகிறது. சிலருக்குச் சிறுநீரகக் கல் வருவதற்கும் இந்தக் கால்சியம் ஒரு காரணம்.

எவ்வளவு போகிறது? கூடுதலாகச் சாப்பிடும் ஒவ்வொரு 6 கிராம் உப்புக்கும் சராசரியாக 40 மில்லிகிராம் கால்சியம். ஆளுக்கு ஆள் இது மாறும். மலேசியாவில் 2017, 2018 ஆண்டுகளில் மக்களின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்தார்கள். பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. வரம்புக்கு மேலே போகும் 2.9 கிராமுக்கு, நாளொன்றுக்குச் சுமார் 20 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாக வெளியேறும். ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 7 கிராம். நம் எலும்புக்கூடு முழுவதிலும் இருக்கும் கால்சியமே ஒரு கிலோதான்.

சரி, அந்த 7 கிராமும் எலும்பிலிருந்துதான் போகிறதா? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் இம்மியளவு குறைந்தாலும் கழுத்தில் அரிசி மணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அவற்றின் ஹார்மோன் செய்யும் வேலைகளில் இரண்டு இங்கே முக்கியம். வைட்டமின் டியை முடுக்கிவிட்டு, குடல் உணவிலிருந்து அதிகக் கால்சியத்தை எடுக்கும்படி செய்கிறது. அதே சமயம் எலும்பைக் கரைக்கும் செல்களையும் ஏவிவிடுகிறது. சின்ன வயதில், சாப்பாட்டில் கால்சியம் போதுமான அளவு இருந்தால், குடலே நஷ்டத்தை ஈடுகட்டிவிடும், எலும்புக்குப் பெரிய சேதமில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அப்படி இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விட்டது, குடலின் உறிஞ்சும் திறனும் குறைந்துவிட்டது. அப்புறம் மிச்சமிருக்கும் இருப்பு எலும்புதான்.

ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995இல் வெளியான மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், மாதவிடாய் நின்ற பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுநீரில் சோடியம் அதிகம் இருந்தவர்களுக்கு இடுப்பெலும்பு அதிகம் தேய்ந்திருந்தது. ஆனால் 2016இல் வந்த மிகப் பெரிய அமெரிக்க ஆய்வில், உப்பின் அளவுக்கும் எலும்பு முறிவுக்கும் தொடர்பு தெரியவில்லை. உப்பு கால்சியத்தை வெளியே இழுக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அது எலும்பு முறிவு வரை போகுமா என்பது, அந்த ஆள் எவ்வளவு கால்சியம் சாப்பிடுகிறார், வயது என்ன, உடலுழைப்பு எப்படி என்பதையெல்லாம் பொறுத்தது. என்னைக் கேட்டால், உப்பை மட்டும் தனியே குற்றவாளியாக்குவது சரியில்லை. உப்பு கூடிக் கால்சியம் குறைந்த தட்டுதான் ஆபத்து. நம் தட்டு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இங்கே நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைக்கிறார்கள். காலையில் ரொட்டி சானாய், மதியம் சோறும் கறியும், ராத்திரி மீ கோரேங் என்றால் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, அம்மாவின் அடுப்படியில் இருந்த போத்தல்களையும் பொட்டலங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினோம். லேபிளில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்றுதான் இருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். சாதா சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சோடியம் 900 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பெருக்கினால் இரண்டே கால் கிராம் உப்பு! ஒரு நாளைக்கு உரியதில் பாதிக்குப் பக்கம். அம்மா அதை அளந்து ஊற்றியதே இல்லை, போத்தலைக் கவிழ்த்து ஒரு சுற்று.

அடுத்து நெத்திலி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கால்சியமும் உப்பும் ஒரே உடம்பில் இருக்கும் பண்டம் இது. பிடித்த கையோடு உப்புத் தண்ணீரில் அவித்துத்தான் வெயிலில் காயப்போடுகிறார்கள். முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியம் கிடைக்கிறது, கூடவே உப்பும் வந்துவிடுகிறது. ஆனால் உப்பு தண்ணீரில் கரையும், முள்ளில் இருக்கும் கால்சியம் பச்சைத் தண்ணீரில் கரையாது. இந்த வித்தியாசம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் போலக் கரித்தது. இரண்டாம் தண்ணீர் லேசாகக் கரித்தது. பெரிய நெத்திலியைப் பிளந்து நடுமுள்ளை எறிவது நம் வீடுகளில் வழக்கம், அதோடு கால்சியமும் போய்விடும். பொடி நெத்திலியை முழுசாகப் பொரிப்பது நல்லது.

மற்றபடி முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், தயிர், சோயாப்பாலில் ஜிப்சம் சேர்த்து உறையவைத்த தௌஃபூ எல்லாம் கால்சியம் தருபவை. பழமும் காய்கறியும் தரும் பொட்டாசியம், கால்சியம் சிறுநீரில் போவதைக் கொஞ்சம் தடுக்கிறது. அதற்காகக் கடையில் விற்கும் பொட்டாசிய உப்பை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்து.

போன வாரம் போனபோது அம்மா முருங்கைக்கீரைப் பொரியலில் நெத்திலி போட்டிருந்தார். "மூணு தண்ணி மாத்திட்டேன், உப்பே போடல. பாரு, சரியா இருக்கா?" என்றார். சரியாகத்தான் இருந்தது.