தட்டில் தேங்கிய தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. பசியாறலுக்குப் பிந்தி, மதியச் சாப்பாட்டுக்கு முந்தி. பினாங்கு குளுகோரில் அக்கா வீட்டு மேசையில், முட்டையும் காய்கறியும் சேர்த்து ஓவனில் சுட்ட பேக் இருந்தது. மேலே பொன்னிறம், நல்ல மணம். முதல் துண்டை எடுத்ததும் அந்தக் குழியில் இளமஞ்சளாகத் தண்ணீர் ஊறித் தேங்கியது. மாமாவுக்குக் கொழுப்பு ஆகாது என்பதால், கிரீமுக்குப் பதில் பால் ஊற்றியிருந்தார் அக்கா. "பாலாலதான் இப்படி ஆச்சு" என்றார். பழியில் பாதிதான் பாலுக்குச் சேரும்.

முட்டையின் வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மஞ்சளில் ஏறக்குறைய பாதி. அந்தத் தண்ணீரில் புரதங்கள் நூலுருண்டைகள்போலச் சுருண்டு மிதக்கின்றன. சூடு ஏற ஏற உருண்டைகள் அவிழ்ந்து, நூல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகின்றன. வலைக்கண்களில் தண்ணீர் சிக்கி நிற்கிறது. முட்டை இறுகிவிட்டது என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான். அதற்குப் பிறகும் சூடு ஏறினால் நூல்கள் மேலும் நெருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோலத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

தனி முட்டையில் வெள்ளை 62 டிகிரி செல்சியஸை ஒட்டித் தடிக்கத் தொடங்கும். மஞ்சள் அதற்குச் சற்று மேலே. பால் கலந்தால் புரதங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால், கலவை இறுக 80 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். 85ஐத் தாண்டிவிட்டால் பிழியத் தொடங்கும். நமக்குக் கிடைப்பது இந்தச் சின்ன இடைவெளிதான். ஓவனோ 180 டிகிரியில் எரிகிறது.

கிரீம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அதன் கொழுப்புத் துளிகள் நூல்களுக்கு நடுவே நின்று, அவை அளவுக்கு மீறி நெருங்காமல் தடுக்கின்றன. 200 மில்லி கெட்டிக் கிரீமில் ஏறத்தாழ 70 கிராம் கொழுப்பு இருக்கும். அதே அளவு பாலில் 7 கிராம்தான். அவ்வளவு கொழுப்பைக் குறைத்தது நல்ல முடிவு. ஆனால் அது பார்த்த வேலையை யாராவது பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றினால் போதும். சூட்டில் மாவுத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, நூல்களுக்கு இடையே இடம்பிடித்துக்கொள்ளும்.

மீதிப் பழி காய்கறிக்கு. சௌராஸ்தா சந்தையில் வாங்கிய காளானையும் பாயாம் கீரையையும் தக்காளியையும் அக்கா பச்சையாகவே நறுக்கிப் போட்டிருந்தார். மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாத தண்ணீர். சூடு பட்டதும் செல்களின் சுவர் தளர்ந்து தண்ணீர் கசிகிறது. முட்டை வலை பின்னிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கசிவதுதான் சிக்கல். வலை தன் பங்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கவே பாடுபடும்போது, இன்னொரு கிண்ணம் தண்ணீரை அதன் தலையில் கொட்டுகிறோம்.

ஆகவே காய்கறியின் தண்ணீரை அடுப்பிலேயே போக்கிவிட வேண்டும். காளானை எண்ணெய் விடாமல் அகலமான வாணலியில் பரப்பிப் பாருங்கள். முதலில் சத்தமே இருக்காது. பிறகு சொதசொதவென்று தண்ணீர் விடும், கொதிக்கும். அது வற்றி, காளான் சட்டியில் உரசி 'கிறீச்' என்று ஒலிக்கும்போது எண்ணெய் விடலாம். இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்; சுவை திரள்வதும் இங்கேதான். கீரையை வதக்கி ஆறவிட்டுக் கையால் பிழியுங்கள். தக்காளியின் விதைக்கூழை நீக்கிவிடுங்கள்.

அடுத்தது சூடு. இதற்கு நல்ல பாடம் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஆவியில் அவிக்கும் முட்டைக் கலவை. முட்டை ஒரு பங்கென்றால் உப்புப் போட்ட சூப்புத் தண்ணீர் ஒன்றரைப் பங்கு. கிரீமும் இல்லை, பாலும் இல்லை. இருந்தும் டோஃபுபோல வழவழவென்று வருகிறது. மூடிக்கடியில் ஒரு சாப்ஸ்டிக்கைச் செருகி ஆவிக்கு வழிவிடுகிறார். அடுப்பும் சின்னத் தீயில். உள்ளே சூடு 100ஐத் தொடாமல் நிற்க அந்த இடுக்கு போதும். உப்புக்கும் பங்குண்டு: புரதங்களின் மின்சுமை அவற்றை ஒன்றையொன்று விலக்குகிறது, உப்பு அந்த விலக்கத்தைத் தணித்து, வலை பின்ன உதவுகிறது.

ஓவனில் இதே வேலையைச் செய்ய, பேக் பாத்திரத்தை வெந்நீர்த் தட்டில் இறக்கி 160 டிகிரியில் வைக்கலாம். எவ்வளவு எரிந்தாலும் வெந்நீர் 100 டிகிரியைத் தாண்டாது. நம் வீடுகளில் உள்ள சின்ன மேசை ஓவனில் சூடேறும் கம்பி மிக அருகில் இருப்பதால், முதல் இருபது நிமிடம் மேலே அலுமினியத் தாளை மூடிவையுங்கள்.

இன்னும் உப்பலாக வேண்டுமென்றால் இரண்டு வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாகக் கலக்கலாம். குமிழிக் காற்று சூட்டில் விரிந்து தூக்கும். ஆறியதும் கொஞ்சம் அமுங்கும். அது இயல்புதான்.

எப்போது எடுப்பது? பாத்திரத்தை லேசாக ஆட்டுங்கள். ஓரம் அசையாமல், நடுவில் ஐம்பது காசு அளவு மட்டும் அகர் அகர் போல நடுங்கினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். ஓரத்துச் சூடு இன்னும் சில நிமிடம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நடுப்பகுதி பாத்திரத்தில் இருந்தபடியே இறுகிவிடும். பத்து நிமிடம் கழித்துக் கத்தி வையுங்கள்.