‘குறை ஏதும் இல்லை’ என்று நான் எழுதிய இரண்டு கூட்டங்கள்

உலோகத் தகட்டை அச்சால் அழுத்தி வடிவமாக்கும் அந்தப் பவர் பிரஸ்ஸின் ஒளித்திரை சென்சார் மூன்று வாரங்களாக வேலை செய்யவில்லை. ஆபரேட்டரின் கை உள்ளே இருக்கும்போது அச்சு கீழே இறங்காமல் தடுப்பதற்காகப் பொருத்தப்பட்ட சென்சார் அது. காரணமே இல்லாமல் அடிக்கடி இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது என்று, ஒரு துண்டு வயரைக் குறுக்கே போட்டு அதைச் செயலிழக்க வைத்திருந்தார்கள். அந்த லைனில் வேலை செய்த பதினொரு பேருக்கும் இது தெரியும். பராமரிப்புப் பிரிவுக்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும் தெரியும். அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரியான எனக்குத்தான் தெரியாது.

ஒரு மதிய ஷிஃப்டில், இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரவு, பாதுகாப்புக் குழுவின் கூட்டப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். சென்சார் செயலிழந்திருந்த அந்த மூன்று வாரங்களில் இரண்டு கூட்டங்களை நானே நடத்தியிருக்கிறேன். இரண்டின் கடைசி வரியும் ஒன்றேதான். ‘தொழிலாளர் பிரதிநிதிகள் தரப்பில் குறை ஏதும் இல்லை.’ என் கையெழுத்து, என் ஒப்பம்.

ஒரு வாரம் கழித்து, பிரதிநிதிகளில் மூத்தவரைத் தனியாகச் சந்தித்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நீங்கள் கேட்டீர்கள் சார். ஆனால் ஜி.எம். (பொது மேலாளர்) அரை மணி நேரம் டார்கெட்டைப் பற்றிப் பேசி முடித்த பிறகு கேட்டீர்கள். எல்லாரும் ஃபைலை மூடிவிட்டார்கள், டீ வந்துவிட்டது. அப்போது என்ன சொல்ல முடியும்?” என்றார்.

கூட்டம் நடத்துவதைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்தப் பதிலில் அடங்கிவிட்டது. எதைக் கேட்கிறோம் என்பதோடு, யார் பேசிய பிறகு கேட்கிறோம் என்பதும் பதிலைத் தீர்மானிக்கிறது.

பாதுகாப்புக் குழுக்கள் எப்படி வந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1984 டிசம்பரில் போபாலில் நடந்த விஷவாயுப் பேரழிவுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான செயல்முறைகள் உள்ள ஆலைகளில் தொழிலாளர் தரப்பிலும் நிர்வாகத் தரப்பிலும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள் கொண்ட குழு இருக்க வேண்டும் என்று 41ஜி பிரிவு அப்போது சேர்க்கப்பட்டது. எங்கள் குழுவிலும் ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் குளிரூட்டப்பட்ட அறையில் நீள மேஜையின் தலைமாட்டில் நிர்வாகம் உட்கார்ந்திருக்கும். எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு வந்தவர்கள், துணி நாற்காலி அழுக்காகிவிடுமோ என்று நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தில் அந்த ஐந்து பேரும் சேர்ந்து பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதுவும் பெரும்பாலும் “சரி சார்” என்பதுதான்.

இது படிப்பறிவு குறைந்தவர்களின் தயக்கம் என்று யாராவது சொன்னால், 1986 ஜனவரி 27 இரவு நடந்த ஒரு கூட்டத்தை அவர்களுக்கு நினைவூட்டுவேன். மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் புறப்பட வேண்டும். உந்துவிசை ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இவ்வளவு குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைத்துக்கொள்ளாது, ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்கள். நாசா தரப்பு அதை ஏற்க மனமில்லாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டது. நிறுவனத்தினர் இணைப்பைச் சற்று நிறுத்திவைத்துத் தங்களுக்குள் பேசினார்கள். அப்போது பொறியியல் பிரிவின் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி அவருடைய மேலதிகாரி சொன்னார். முடிவு மாறியது. இணைப்புக்குத் திரும்பியதும் ஏவலாம் என்று அறிவித்தார்கள். இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா அதிகாரி ஒருவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் சிலர் இருந்த கூட்டம் அது. ‘மறுப்பு உண்டா?’ என்ற கேள்வி அங்கேயும் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. எங்கள் கூட்டத்திலும் அப்படியே.

விபத்துக்குப் பிறகு நான் முதலில் மாற்றியது இடத்தை. குழுக் கூட்டம் வழக்கம்போல் அறையில் நடக்கட்டும். அதற்கு மேலாக, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு நிமிடம் நின்றபடி ஒரு கூட்டம் போட ஆரம்பித்தோம். போகிற ஷிஃப்டும் வருகிற ஷிஃப்டும் எதிரெதிரே நிற்கும். அறையில் ‘பிரஸ் நம்பர் ஏழு’ என்று ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியதை, இங்கே கை நீட்டிக் காட்டினால் போதும். பேச்சு வராதவருக்கு அது பெரிய உதவி.

அடுத்து, வரிசையைத் தலைகீழாக்கினேன். வேலையில் புதியவர் முதலில், பிறகு ஆபரேட்டர்கள், அதன்பின் சூப்பர்வைசர், கடைசியில் நான். ஜி.எம். வந்தால் எனக்கும் பிறகுதான் அவர். இதை அவரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் நேரில் போய்ச் சொன்னேன். முதல் இரண்டு தடவை அவரால் அடக்கிக்கொள்ள முடியவில்லை, இடையில் புகுந்தார். மூன்றாவது தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று கேட்ட விஷயங்களை அதற்கு முந்தைய ஓராண்டில் தான் கேட்டதில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

அறுவை அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலிலும் இதற்கு நெருக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு. கத்தி வைப்பதற்கு முன், அங்கே இருக்கும் எல்லாரும் தம் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே ஒருமுறை தன் குரலைத் தானே கேட்டுவிட்டவருக்கு, ஏதாவது தவறு கண்ணில் படும்போது சொல்லத் தைரியம் வருகிறது. என் அனுபவத்திலும் இது உண்மை.

‘ஏதாவது பிரச்சினை உண்டா?’ என்ற கேள்வியை அடியோடு விட்டுவிட்டேன். அதற்கு ‘இல்லை’ என்பது வெகு சுலபமான பதில். ‘நேற்று எதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினோம்?’ ‘எந்த மெஷினில் கை வைக்கப் பயமாக இருந்தது?’ இப்படிக் கேட்பேன். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுவேன். முதல் நாட்களில் அந்த மௌனம் தாங்க முடியாததாக இருந்தது. நாமே ஏதாவது சொல்லி அதை நிரப்பிவிட நாக்கு துடிக்கும். பெரும்பாலும் ஏழாவது, எட்டாவது எண்ணில் யாரோ ஒருவர் தொண்டையைக் கனைப்பார்.

அப்படி முதலில் வாய் திறந்தவர் ஒரு பயிற்சிப் பெண். ஒரு பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்களையும் இரு கைகளால் அழுத்தினால்தான் ஓட வேண்டும், ஆனால் ஒன்றில் மரத்துண்டைச் செருகி ஒரே கையால் ஓட்டுகிறார்கள் என்றார். சூப்பர்வைசர் சட்டென்று, “இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறாய்?” என்றார். எல்லார் கண்களும் என் மேல். அந்த இடத்தில் நான் சூப்பர்வைசரைக் கடிந்திருந்தால் நாளை அவர் வாய் மூடியிருக்கும். சும்மா இருந்திருந்தால் மற்ற எல்லாருடைய வாயும் மூடியிருக்கும். “சொன்னது நல்லது அம்மா, எந்த மெஷின் என்று காட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். மரத்துண்டை எடுத்தேன். யார் செருகியது என்று கேட்கவில்லை.

சூப்பர்வைசரிடம் மாலையில் கேன்டீனில் உட்கார்ந்து தனியாகப் பேசினேன். இந்தத் தனிப்பேச்சுதான் கூட்டத்தைவிடக் கடினமானது. தலைமை ஏற்பவர்கள் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். நான் அறிவுரை சொல்லத்தான் போயிருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டபின் அறிவுரை வரவில்லை. “சென்சாரால் மெஷின் நின்றால் அந்த நிமிடங்கள் என் ஷிஃப்ட் கணக்கில்தான் ஏறுகின்றன சார். மாதக் கடைசியில் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்” என்றார். அவர் கெட்டவர் அல்ல. துண்டு வயரைக் கண்டும் காணாமல் இருக்க வைத்தது இயந்திர நிறுத்தப் பதிவேட்டில் இருந்த ஒரு கட்டம்.

நிர்வாகத்தோடு இரண்டு மாதம் மன்றாடி, பாதுகாப்புக் காரணத்தால் நிற்கும் நிமிடங்களுக்குப் பதிவேட்டில் தனிக் கட்டம் வாங்கினோம். அவை இனி ஷிஃப்டின் நஷ்டக் கணக்கில் சேராது. நான் நடத்திய கூட்டங்களுக்கெல்லாம் கிடைத்த மிகப் பெரிய பலன் இதுதான் என்று நினைக்கிறேன். இது கூட்டத்தில் வந்த யோசனைகூட இல்லை, கேன்டீன் பெஞ்சில் வந்தது.

கூட்டத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் மூன்றாம் வாரம் எவரும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு சாதாரண நோட்டு வைத்திருக்கிறோம். என்ன, யார், எந்தத் தேதிக்குள் என்று மூன்று பத்திகள். ஒவ்வொரு கூட்டமும் முந்தைய பக்கத்தை வாசிப்பதில் தொடங்கும். முடியாததை ‘முடியவில்லை, காரணம் இது’ என்று படிப்போம். பணம் ஒதுக்கவில்லை என்றால் அதையும்.

இன்னொன்றை நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன். எங்கள் லைனில் பாதிக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். குழுவில் அவர்களுக்கு இடமில்லை. நான் பேசும் தமிழும் அவர்களுக்குப் புரியாது. வட்டத்தின் விளிம்பில் நின்று, மற்றவர்கள் தலையாட்டும்போது தாங்களும் ஆட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது தமிழும் அவர்கள் மொழியும் தெரிந்த ஒருவர் வட்டத்தின் நடுவில் நிற்கிறார். தன் முறை வரும்போது ஒவ்வொருவரும் ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும், எந்த மொழியிலும்.

போன மாதம் ஒடியா பேசும் பையன் ஒருவன் தன் முறை வந்தபோது எதுவும் சொல்லவில்லை. பிரஸ் அருகே போய், மிதிகட்டையைச் சுட்டிக்காட்டி, காலை எடுத்த பிறகும் அச்சு இன்னொரு தடவை இறங்குவதைக் கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டினான். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சூப்பர்வைசர்தான் முதலில் நகர்ந்து மெயின் சுவிட்சை அணைத்தார். கிளட்ச் ஸ்பிரிங் தேய்ந்திருந்தது. மெஷின் நாற்பது நிமிடம் நின்றது. அந்த நாற்பதையும் அவரே புதிய கட்டத்தில் எழுதினார்.