சுமையை அளந்துகாட்டிய சிறு காயம்

முழங்கைக்குச் சற்றுக் கீழே தோலை மரத்துப்போகச் செய்து, 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டமாக வெட்டி எடுக்கிறார்கள். ஒரு பச்சைப்பயறு அளவுக் காயம்தான். அது ஆற எத்தனை நாளாகும் என்பதே கேள்வி.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் 26 பெண்களிடம் இதைச் செய்துபார்த்து, 1995இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 13 பேர் அல்சைமர் நோயால் நினைவிழந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்தவர்கள். மற்ற 13 பேர் அதே வயது, அதே வருமானம் உடையவர்கள். அந்தப் பொறுப்பு மட்டும் அவர்களுக்கு இல்லை. காயத்தைப் படமெடுத்தார்கள், அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டுப்பார்த்தார்கள். புண் திறந்திருந்தால் அது பொங்கி நுரைக்கும். நுரைக்கவில்லை என்றால் ஆறிவிட்டது என்று பொருள். பொறுப்பில்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள் ஆனது. பராமரிப்பாளர்களுக்கு 48.7 நாள்.

இருபத்தாறே பேரை வைத்துச் செய்த ஆய்வு என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நானும் சுளித்தேன். ஆனால் மூன்று ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்தார் செய்த இன்னொரு சோதனை என் வாயை அடைத்தது. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேருக்கு மேலண்ணத்தில் இதே அளவுக் காயத்தைக் கோடை விடுமுறையில் ஒரு முறையும் தேர்வுக்கு முன் ஒரு முறையும் உண்டாக்கினார்கள். ஆள் மாறவில்லை, வாய் மாறவில்லை. தேர்வுக் காலத்துப் புண் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது. தேர்வு நேரத்தில் விரைவாக ஆறியது என்று சொல்ல ஒரு மாணவர்கூட இல்லை.

'நெஞ்சு கனக்கிறது' என்று நாம் சொல்வது தோல்வரைக்கும் எப்படிப் போகிறது?

தெருநாய் துரத்துகிறது என்று வையுங்கள். மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, அது சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எழுப்பிவிடுகிறது. அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. ஓடுவதற்குச் சர்க்கரை வேண்டும், அதைக் கார்டிசால் திரட்டித் தருகிறது. இப்போதைக்குத் தேவையில்லாத பழுதுபார்க்கும் வேலைகளைத் தள்ளிப்போடவும் சொல்கிறது. நாய் திரும்பிப் போனபின், கூடியிருக்கும் கார்டிசாலை மூளையே கண்டுகொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். அருமையான ஏற்பாடு. கார்டிசாலைத் திட்டுவதில் நியாயமே இல்லை. அது இல்லாமல் காலையில் படுக்கையைவிட்டு எழுவதே பெரும்பாடு.

காயத்தைச் சுற்றி வரும் சிவப்பையும் வீக்கத்தையும் நாம் தொல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அவைதான் பழுதுபார்ப்பின் தொடக்கம். நோய்த்தடுப்பு அணுக்கள் இன்டர்லியூகின் போன்ற வேதித் தூதுகளை அனுப்பி, கிருமிகளை அழிக்கவும் புதுத் திசு கட்டவும் ஆள் சேர்க்கின்றன. கார்டிசால் அடக்கிவைப்பது இந்த வேலையைத்தான். ஒஹாயோ ஆய்வில் பராமரிப்பாளர்களின் ரத்த அணுக்கள் கிருமிப்பொருளால் சீண்டப்பட்டபோது இன்டர்லியூகின்-1 பீட்டாவைக் குறைவாகவே உருவாக்க முனைந்தன. செங்கல்லும் சிமெண்டும் தயார், கொத்தனாருக்குத்தான் தகவல் போகவில்லை.

நாய்க்கும் நோயாளிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். நாய் போய்விடும். என் பெரியப்பாவுக்கு நினைவு மங்கத் தொடங்கி ஐந்து ஆண்டாகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையைத் தேடுவார். அவர் எழாத இரவுகளிலும் பெரியம்மாவுக்கு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இப்படி ஓயாமல் ஈடுகொடுப்பதால் உடலில் சேரும் தேய்மானத்துக்கு புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் ஒரு கலைச்சொல்லே உருவாக்கினார்கள். தமிழில் அதை 'ஈடுகொடுப்புச் சுமை' எனலாம். நிகழ்ச்சி சிறிதா பெரிதா என்பதைவிட, அதன் நினைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே இங்கே கணக்கு. நடந்து முடிந்ததை அசைபோடும்போதும் நடக்கப்போவதை எண்ணிக் குமையும்போதும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் முழுதாக இறங்குவதில்லை.

'வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரியாகிவிடும்' என்பது நம் வீடுகளின் பழைய வைத்தியம். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் 1993இல் இதைச் சோதித்தார்கள். அருவருப்பூட்டும் மருத்துவப் படம் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி, ஒரு பகுதியினரிடம் மட்டும் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்றார்கள். அவர்கள் முகம் அடங்கியது, அருவருப்பு குறையவில்லை. ஆபத்து வந்தால் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலமோ இன்னும் கூடுதலாக வேலை செய்தது. (பாடநூல் வைத்த பெயர் அது. அந்த நரம்புக்கு நம்மேல் பரிவெல்லாம் கிடையாது.) கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுவதும் சிரித்த முகத்தோடு வசை வாங்குகிறவருக்கு இந்த முடிவில் புதிதாக எதுவும் இருக்காது.

சரி, இறக்கிவைக்க வழி? மீண்டும் காயத்திடமே போகலாம். நியூசிலாந்தில் 64 வயதும் அதற்கு மேலும் ஆன 49 பேரை மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுத வைத்தார்கள். ஒரு பகுதியினர் தங்களை மிகவும் வதைத்த நிகழ்ச்சியைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையும் சேர்த்து எழுதினார்கள். மற்றவர்கள் அன்றாட வேலைகளைப் பற்றி உணர்ச்சி கலக்காமல் எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்துக் கையில் 4 மில்லிமீட்டர் காயம். 2013இல் வெளியான முடிவு: பதினோராம் நாளில் மனம்விட்டு எழுதியவர்களில் 76 சதவீதத்தினருக்குப் புண் முழுதாக மூடியிருந்தது. மற்றவர்களில் 42 சதவீதத்தினருக்கு மட்டுமே.

ஏன் என்பதற்கு உறுதியான விடை இன்னும் கிடைக்கவில்லை. உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவின் பரபரப்பு குறைகிறது என்று மேத்யூ லீபர்மனின் 2007ஆம் ஆண்டு ஸ்கேன் ஆய்வு காட்டியது. வாக்கியமாக எழுதும்போது கதைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைப்பதால் அசைபோடல் குறைகிறது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே புலம்பலை நூறு முறை சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. அது அசைபோடலின் உரத்த வடிவம்தான்.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக்கொண்டு போய், பெரியம்மாவிடம் இந்த ஆய்வை ஆர்வமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லதுதான் தம்பி. அந்த இருபது நிமிடம் பெரியப்பாவை யார் பார்த்துக்கொள்வது?"