கசங்கினால்தான் அது காட்டன்

“ஆயிரம் த்ரெட் கவுண்ட் பெட்ஷீட் அண்ணாச்சி. ரெண்டு தலையணை உறையோட 399 ரூபாய். ஆனா ராத்திரி முழுக்க முதுகு நனைஞ்சுபோவுது. காட்டன்தானே இது?”

சுத்தமல்லியிலிருந்து வந்த அக்கா கவரை என் ஜவுளிக்கடை மேஜைமேல் வைத்துக் கேட்டார். இப்படிக் கவரோடு வருகிறவர்களை எண்ணுவதை நான் விட்டு நாளாகிறது. விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால், தையலுக்குள் நகத்தளவு ஒரு லேபிள்: ‘100% பாலியஸ்டர்’. வெளிக் கவரில் கொட்டை எழுத்தில் ‘காட்டன் ஃபீல்’. பாருங்கள், விற்றவர் பொய்யே சொல்லவில்லை. காட்டன் மாதிரி இருக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை வாங்கியவர் தானாகவே நினைத்துக்கொண்டார்.

அந்த வியாபாரியின் மேல் எனக்குப் பாதி எரிச்சல்தான். மீதி, நம் ஆட்கள் துணி பார்க்கும் முறையின் மேல். திருநெல்வேலி டவுனில் என் கடையில் நல்ல நாற்பதாம் நம்பர் நூலில் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு) நெய்த விரிப்பை எடுத்துப் போடுவேன். வந்தவர் ஒரு மூலையைக் கைக்குள் பிடித்து இறுக்குவார், விடுவார், பார்ப்பார். “கசங்குதே அண்ணாச்சி. கசங்காதது காட்டுங்க.” அடுத்த அடுக்கில் பளபளவென்று இருப்பதை அவரே உருவி, “இது நல்லா வழவழன்னு இருக்கே” என்பார். அது பெரும்பாலும் பாலியஸ்டர்.

இதை எத்தனை முறை சொன்னாலும் அலுப்பில்லாமல் இன்னொரு முறை சொல்கிறேன். பருத்தி கசங்கும். லினன் மாதிரி ஈரத்தை உள்ளே வாங்கும் செடி இழைகளும் அப்படித்தான். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. உங்கள் வியர்வையை வாங்கிக்கொள்வதும் அந்தக் குணம், கையால் பிடித்தால் மடிப்பு விழுவதும் அதே குணம். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் நடக்காது. கசங்காமல் இருக்கப் பிசின் ஏற்றிய காட்டனும் சந்தையில் உண்டு. அப்படிப் பதப்படுத்தினால் இழையின் வலு குறையும். சுருக்கம் இல்லாத விரிப்புதான் வேண்டும் என்று கேட்டுவிட்டு, சித்திரை மாத ராத்திரியில் முதுகு வேர்க்கிறது என்று வந்து நிற்காதீர்கள்.

பளபளப்பும் அப்படித்தான். ‘கிளேஸ் காட்டன்’ என்று ஒரு பெயர் சந்தையில் ஓடுகிறது. பெயரில்தான் காட்டன், கைக்கு வருவது பெரும்பாலும் மைக்ரோஃபைபர், அதாவது மெல்லிய பாலியஸ்டர். முன்பு பத்தமடைக் கோரைப்பாயில் படுத்தபோது அடியில் காற்றாவது ஓடியது. இன்றைக்கு ஃபோம் மெத்தை. அது சூட்டைத் தேக்கி வைக்கும். அதன்மேல் பாலியஸ்டரையும் விரித்துக் கைக்குழந்தையைக் கிடத்திவிட்டு, வேர்க்குரு ஏன் வருகிறது என்று கேட்கிறார்கள்.

சரி, ஆயிரம் த்ரெட் கவுண்ட் கதைக்கு வருவோம். ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை என்று எண்ணிக் கூட்டினால் வருவதுதான் அந்த எண். ஒற்றை நூலில் நெய்தால் 400, 500 என்ற அளவுக்கு மேல் அந்த ஒரு அங்குலத்தில் இடமே கிடையாது. பிறகு ஆயிரம் எப்படி வருகிறது? இரண்டு மூன்று இழையை முறுக்கி ஒரு நூலாக்கிவிட்டு, ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணுவார்கள். இல்லையென்றால் மனதில் தோன்றியதை அச்சடிப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு 180 முதல் 300 வரை தாராளம். சாதா நெசவில் 144 இருந்தாலும் நூல் நன்றாக இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். எண் குறைவு என்று அதை ஒதுக்காதீர்கள். சாட்டின் நெசவு மினுமினுக்கும், தொட்டால் சுகம்தான்; ஆனால் சாதா நெசவைவிடச் சூடு, கொலுசில் சிக்கினால் இழையும் உருவிக்கொண்டு வரும்.

அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் மில்லில் வேலை பார்த்த தாத்தா இல்லாத தெரு குறைவு. அவர் நூலைத் தொட்டே நம்பர் சொல்லியிருப்பார். பேரன் போனில் நட்சத்திரத்தை எண்ணி வாங்குகிறான்.

விலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். 90க்கு 108 அங்குல விரிப்பு ஆறேகால் சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 130 கிராம் துணி என்றால் 800 கிராமுக்கு மேல். இரண்டு உறையும் சேர்ந்தால் ஒரு கிலோவை ஒட்டி வரும். நல்ல நூல் ஒரு கிலோ 200 ரூபாய்க்கு மேல். அதற்கப்புறம் நெசவு, சலவை, சாயம், தையல், லாரி வாடகை, கமிஷன். இத்தனையும் கொடுத்துவிட்டு 399க்குப் புதுக் காட்டனை உங்கள் வாசலில் கொண்டுவந்து வைக்க எந்த வள்ளலாலும் முடியாது. லோடு ஆட்டோவில் மைக் கட்டி, “கம்பெனி மூடுறாங்க, எக்ஸ்போர்ட் தரம்” என்று கூவுகிறவருக்கும் இதே கணக்குதான்.

அதற்காக மூவாயிரம் கொடுக்கச் சொல்லவில்லை. கரூர் விசைத்தறி விரிப்புகளும் சென்னிமலைக் கைத்தறி விரிப்புகளும் நியாயமான விலைக்கே கிடைக்கின்றன. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக்கு 30 சதவீதம் தள்ளுபடி தரும். அப்போது போய் வாங்குங்கள். ஜவுளிக்கடைக்காரனே சொல்கிறேன். கைத்தறி முதலில் கொஞ்சம் முரடாக இருக்கும், துவைக்கத் துவைக்க இளகும்.

கடையில் கவரோடு வாங்காதீர்கள், பிரிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவு சீராக இருக்கிறதா, இல்லை அங்கங்கே வலை மாதிரி விட்டிருக்கிறதா என்று தெரியும். துணியோடு துணியை வைத்து நன்றாகக் கசக்குங்கள். மாவு உதிர்ந்தால் கனம் நூலில் இல்லை, கஞ்சியில் இருக்கிறது. முதல் சலவையில் அது வாய்க்காலோடு போய்விடும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அடர்த்தியான நிறத்தின்மேல் தேய்த்துப் பாருங்கள். கல்லுப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயப்பட்டறையில் நிற்காத சாயம் உங்கள் வாளியில் நிற்காது.

சந்தேகம் தீரவில்லையா? ஓரத்தில் இரண்டு நூல் உருவித் தாருங்கள் என்று கேளுங்கள், தருவார்கள். வெளியே வந்து தீக்குச்சி கிழித்துக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறினால் கறுப்பாகக் கெட்டி மணி. இரண்டும் கலந்து வந்தால் கலப்பு நூல். கலப்பு என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் குற்றமில்லை. உருகுகிற மணியை விரலால் தொடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மெத்தையை அளந்துகொண்டு வாருங்கள். “சாதா டபுள் காட்தான் அண்ணாச்சி” என்றால் எனக்கு என்ன தெரியும்? 72 அங்குல மெத்தை, உயரம் ஆறு என்றால் இரண்டு பக்கமும் இறங்கவே 84 போய்விடும். 90 பன்னாவில், அதாவது 90 அங்குல அகலத்தில் வாங்கி, துவைத்ததும் நான்கு சதவீதம் சுருங்கினால் 86. மெத்தைக்கு அடியில் செருகப் பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் மிஞ்சும். ராத்திரி ஒருமுறை புரண்டால் உருவிக்கொண்டு வரும். அந்த மெத்தைக்கு 100க்கு மேல், முடிந்தால் 108 வாங்குங்கள். உயரத்தையும் சேர்த்து அளந்து, சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாபகமாகச் சொல்கிறேன் என்று வருகிறவர்கள்தான் மறுநாள் மாற்ற வருகிறார்கள்.