இரண்டை அழுத்தினால் என்ன நடக்கிறது?

சோமனூரிலோ பல்லடத்திலோ விசைத்தறி ஓட்டும் ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அந்த இரண்டு வருகைகளுக்கு நடுவில் அவர் எப்படி இருக்கிறார் என்பது தெரியாது. பகல் ஷிஃப்டில் இருப்பவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் மருத்துவரைப் பார்க்க வர வேண்டும் என்பதால், தலைசுற்றினாலும் மாத்திரை தீர்ந்தாலும் தள்ளிப்போடுகிறார். இந்த இடைவெளியை நிரப்பவே, நோயாளியிடம் நலம் கேட்டுப் பதில் பெறும் கைபேசி வழித் திட்டங்கள் வடிவமைக்கப்படுகின்றன. அவற்றில் திரையில் தெரியும் செயலியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். உண்மையில் கடினமான பகுதி, நோயாளியின் பதில் எந்த வழியாகத் திரும்பி வந்து யார் கையில் சேர்கிறது என்பதுதான்.

கேள்வியை அனுப்பக் குறுஞ்செய்தியே மலிவான வழி. ஒரு குறுஞ்செய்தி சுமப்பது 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கிவிடும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டியிருப்பதால் 70 இடங்களே கிடைக்கும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனி இடம் பிடிப்பவை. ‘மாத்திரை தீர்ந்துவிட்டதா?’ என்பதில் நாம் எண்ணுவது 12 எழுத்துகள்; இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்து அது எடுத்துக்கொள்வது 25 இடங்கள். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். எந்தத் துண்டு எதன் பின் வர வேண்டும் என்ற குறிப்பும் ஏற வேண்டியிருப்பதால் துண்டுக்கு 67 இடங்களே மிஞ்சும். தமிழ் எழுத்துரு இல்லாத பழைய பட்டன் போனில் இவ்வளவும் வெறும் கட்டங்களாகத் தெரியவும் கூடும்.

ஆகவே பதிவு செய்த குரலில் கேட்டு, நலம் என்றால் 1, சிரமம் என்றால் 2 என்று அழுத்தச் சொல்லும் முறை பல இடங்களில் பொருத்தமாக இருக்கிறது. திருப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியிலேயே கேட்கவும் முடியும். 2-ஐ அழுத்துவதற்கு உரிய ஒலி, 697 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்த இரட்டை ஒலியாகும்; பேச்சுக் குரல் தற்செயலாக அந்த இணையை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு அதிர்வெண்கள் வைக்கப்பட்டன. கைபேசியோ அந்த ஒலியை ஒலிவாங்கி வழியாக அனுப்புவதில்லை. பேச்சைச் சுருக்கி அனுப்பும் முறை இத்தகைய ஒலிகளைச் சிதைத்துவிடும் என்பதால், எந்த எண் அழுத்தப்பட்டது என்ற தகவல் பேச்சோடு கலக்காமல் தனியே செல்கிறது. தறிக்கூடத்தின் இரைச்சலால் பதில் கெடாது என்பது இதனால்தான். கேள்வி காதில் விழுமா என்பது வேறு சிக்கல். அதற்கு, அவர் வெளியே டீ குடிக்க வரும்போது ஒரு மிஸ்டு கால் கொடுக்க, கணினி திருப்பி அழைப்பதே எளிய தீர்வு. அவருக்குக் காசும் செலவாகாது.

பதில் வந்த பிறகு நடக்க வேண்டியதைக் கென்யாவில் எச்.ஐ.வி. நோயாளிகள் 538 பேரிடம் நடந்து, 2010-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு நன்றாகக் காட்டியது. வாரம் ஒருமுறை ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற குறுஞ்செய்தி மட்டுமே செல்லும். நோயின் பெயர் அதில் இராது. 48 மணி நேரத்துக்குள் நலம் அல்லது சிரமம் என்று பதில் தர வேண்டும். சிரமம் என்றவர்களை மட்டுமன்றி, பதிலே தராதவர்களையும் மருத்துவப் பணியாளர் தொலைபேசியில் அழைத்தார். மருந்தை ஒழுங்காக உட்கொண்டதாகக் கூறியவர்கள் செய்தி பெற்ற குழுவில் 62 சதவீதம், பெறாத குழுவில் 50 சதவீதம். வைரஸ் கட்டுப்பட்டிருந்தவர்கள் முறையே 57, 48 சதவீதம். ‘மாத்திரை சாப்பிடுங்கள்’ என்று தினமும் ஒலிக்கும் நினைவூட்டலைவிட இது மேலானது என்பது என் கருத்து. நினைவூட்டல் கட்டளையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. இங்கே பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு தகவலாகிறது.

செவிலியரின் திரையும் அதே கவனத்துடன் வடிவமைக்கப்பட வேண்டும். எல்லாப் பதில்களையும் கொட்டினால் அவர் எதையுமே பார்க்க மாட்டார். 2 அழுத்தியவர்கள் மேலே, மௌனமானவர்கள் அடுத்து, நலம் என்றவர்கள் பட்டியலிலேயே இல்லாமல் இருந்தால், அன்று அழைக்க வேண்டிய சிலர் மட்டுமே கண்ணில் படுவார்கள். “ஏனுங்கண்ணா, மாத்திரை தீந்துருச்சுங்களா?” என்று அவர் கேட்கும்போதுதான், “தீந்து நாலு நாளாச்சுங்க, லீவு போட்டா கூலி போயிருமுங்க” என்ற உண்மையான காரணம் வெளியே வரும், அது எந்தப் பொத்தானிலும் அடங்காது. நெஞ்சுவலி போன்றவை இந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்கும்படி பதிவுக் குரலே முதலில் சொல்லிவிட வேண்டும். பல வீடுகளில் அழைப்பை எடுப்பது மகனோ மருமகளோ என்பதால், கென்யச் செய்தியைப் போல நோயின் பெயரைத் தவிர்ப்பது இங்கேயும் அவசியம்.

பர்கூர், கடம்பூர் மலைப்பகுதிகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டத்தில் வீடு தேடிச் செல்பவர் அங்கே அளக்கும் ரத்த அழுத்தத்தைச் செயலி முதலில் கைபேசியிலேயே சேமித்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். பாதி அனுப்பி அறுந்துபோய் மீண்டும் அனுப்பினாலும் ஒரே அளவு இருமுறை பதிவாகாதிருக்க, ஒவ்வொரு பதிவும் அளந்த இடத்திலேயே தனக்கென ஓர் அடையாள எண்ணைப் பெற வேண்டும். அளந்த நேரமும் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரமும் தனித்தனியே பதிவாக வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை எடுத்த 180/110 என்ற அளவு, வியாழக்கிழமை மருத்துவரின் திரையில் அன்றைய அளவாகவே தோன்றும்.