செம்மண் கொட்டினால் மீத்தேன் அடங்காது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சின்ன ஊர்களில் பழைய குப்பைக் கிடங்கை மூடச் சொன்னால், செம்மண் கொட்டி ஜேசிபியால் சமன் செய்து வேலி போட்டுவிடுகிறார்கள். நாற்றம் குறைகிறது, வேலை முடிந்தது என்று நினைப்பு. ஆனால் உள்ளே குப்பை அழுகுவதால் உருவாகும் மீத்தேன் வாயுவுக்கு வாசனையே கிடையாது. நாறுவது கூட வரும் கந்தகச் சேர்மங்கள்தான்.

குப்பை வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு தீப்பொறி போதும். கோடையில் மண் வெடிப்பு விடும், உள்ளே குப்பையும் அமுங்கும். வாயு அந்த வெடிப்புகளில், அதிலும் சரிவு ஓரங்களில், வெளியேறும்.

பெரிய கிடங்கானால் குழாய் இறக்கி உறிஞ்சி எரிக்கலாம். சிறிய பழைய மேட்டில் எரிப்பானில் தீ நிற்கும் அளவுக்கு வாயு வராது. அங்கே மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்களை நம்பலாம். மண்ணிலேயே இருப்பவைதான்; ஆக்சிஜன் கிடைத்தால் மீத்தேனைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். அடியில் அரை அடி முதல் ஓரடி வரை ஜல்லி, அதன்மேல் சுமார் ஒரு மீட்டர் மட்கு, அதாவது கம்போஸ்ட் உரம். ஜல்லி வாயுவைப் பரப்பிவிடும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மேடு முழுக்கப் போட வசதியில்லையா? வாயு கசியும் இடங்களில் மட்டும் மண்ணைத் தோண்டி ஜன்னல் மாதிரி அமைக்கலாம்.

மட்கு விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். பாதி மட்கியதைப் போட்டால் அதுவே ஆக்சிஜனைத் தின்று, மீத்தேனும் விடும். வந்த மட்கில் கொஞ்சம் எடுத்து ஈரப்படுத்தி பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். திறந்ததும் புளித்த வாடை அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மாங்கூழ் ஆலைக் கழிவு இங்கே நிறையக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். முழுக்க மட்கவைத்த பிறகு சரி, பச்சையாகக் கூடாது. தென்னை நார்க்கழிவுக்கும் அதே கதைதான்.

நம்மூர் வெயிலை விட வறட்சிதான் பாக்டீரியாவுக்கு எதிரி. மார்ச் முதல் மே வரை லாரித் தண்ணீர் விடுவதற்கும் திட்டச் செலவில் இடம் வையுங்கள். மேலே புல் வளர்க்கலாம். மழையில் தண்ணீர் தேங்கினாலும் ஆக்சிஜன் உள்ளே இறங்காது, அதனால் லேசான சரிவு வேண்டும். அப்புறம், அந்த மேட்டை சீக்கிரமே பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றுவது) செய்யப்போகிறார்கள் என்றால் இந்தச் செலவே வீண்.

போட்ட பிறகு ஒரே நாள் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். காற்றழுத்தம் இறங்கும்போது கசிவு கூடும். மழை கட்டிவரும் நாளிலும் மீத்தேன் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு சரிவு ஓரமாக நடந்து பாருங்கள்.