91 ப்ரைம் இல்லைங்க, இன்னும் எத்தனை தடவ சொல்றது

நேத்து ராத்திரி மாக் டெஸ்ட் பேப்பர் திருத்திட்டு இருந்தேன். 80-க்கும் 100-க்கும் நடுவுல எத்தனை பகா எண்னு ஒரு கேள்வி, மார்க் கிடைக்கட்டும்னு சும்மா வச்சது. 83, 89, 97, மூணே மூணு. பாதி கிளாஸ் நாலுன்னு போட்டிருக்கு. அந்த நாலாவது ஆள் யாருன்னு எனக்குப் பாக்கவே வேணாம், 91 தான். பேங்க் எக்ஸாம் பசங்களுக்குக் கணக்கு எடுக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு பேட்ச் விடாம இதே கூத்து.

ஏன்டா தம்பின்னு கேட்டா, "சார் ஒத்தப்படை, 5-ல முடியல, கூட்டுனா 10 வருது, 3-லயும் போகாது, அப்ப ப்ரைம் தான?"ங்கறான். 3-ல போகலைன்னா 3-ல போகலைன்னு மட்டும் தான்யா அர்த்தம்! 1-ல முடிஞ்சா ப்ரைம்னு எவன் கெளப்பி விட்டானோ தெரியல, 21 எதுல முடியுது, 51 எதுல முடியுது, 81 எதுல முடியுது? கடைசி இலக்கம் 2-க்கும் 5-க்கும் மட்டும் தான் சாட்சி சொல்லும், கூட்டுத்தொகை 3-க்கும் 9-க்கும் சொல்லும், 7-க்கு அப்படி வந்து நிக்க ஆள் கிடையாது, நீங்க தான் வகுத்துப் பாக்கணும்.

100-க்குள்ள 2, 3, 5 மூணுலயும் சிக்காத பகு எண் மொத்தமே 49, 77, 91 தான். முதல் ரெண்டையும் பாத்தவுடனே பிடிச்சிடுவீங்க. 91 மட்டும் தப்பிக்கிறதுக்குக் காரணம், ஏழாம் வாய்ப்பாட்டை பத்தோட மூடி வச்சிட்டோம், ஏழு பதிமூணு வரைக்கும் யாரும் போறதில்ல.

இதுல கொடுமை என்னன்னா, இதே பசங்க பொருளாதாரம் பேப்பர்ல அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்குற ட்ரெஷரி பில் 91 நாள், 182 நாள், 364 நாள்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. அது ஏன் 90 இல்லாம 91-னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? 13 வாரம், வாரத்துக்கு 7 நாள். அவ்ளோ தான்! போன் நம்பருக்கு முன்னாடி வேற தினமும் +91 நிக்குது.

சரி, 91 மேலயும் முழுசா தப்பு சொல்ல முடியாது, வேஷம் போடுறதுல அது கில்லாடி. ஒரு எண் பகா எண்ணா இருக்குமான்னு பாக்க ஃபெர்மா சோதனைன்னு ஒண்ணு இருக்கு, அதுல 3-ஐ வச்சு சோதிச்சா பகா எண் மாதிரியே பாஸ் ஆகிடும், 3-ஐ அப்படி ஏமாத்துற பகு எண்கள்லயே சின்னது இது தான். 1-லேர்ந்து 13 வரைக்கும் கூட்டுனா 91, 1-லேர்ந்து 6 வரைக்கும் வர்க்கங்களைக் கூட்டுனாலும் 91, 27-உம் 64-உம் சேந்தாலும் 91. எனக்குப் பிடிச்ச எண் தாங்க, ஆனா உங்க மார்க்கைத் தின்னுடுது, தப்பா டிக் பண்ணா கால் மார்க் மைனஸ் வேற.

அதனால தயவுசெஞ்சு ஏழாம் வாய்ப்பாட்டை இருபது வரைக்கும் சொல்லிப் பழகுங்க. ரெண்டு இலக்க எண்ணா இருந்தா 2, 3, 5, 7 நாலுலயும் வகுத்துப் பாக்காம ப்ரைம்னு வாயைத் தொறக்காதீங்க. 120 வரைக்கும் அந்த நாலே போதும், ஏன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. 91-ஐ 70-உம் 21-உம்னு உடைச்சுப் பாக்க ரெண்டு செகண்ட் கூட ஆகாது கண்ணுங்களா.

அடுத்த டெஸ்ட்ல 119 வைக்கப் போறேன். இதைப் படிச்சது யாரு, படிக்காதது யாருன்னு அப்ப தெரிஞ்சிடும்.